முகவரியை வாசித்தால் பாதிப் பயம் போய்விடும்

அன்புள்ள டீச்சர்,

நேற்று இரவு நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். கட்டாரிலிருந்து மகன் கொடுத்தனுப்பிய லாப்டொப் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. யூடியூப்பில் தேவாரம் கேட்பதைத் தவிர வேறொன்றுக்கும் கை வைக்கப் பயமாக இருக்கிறது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரிச் சிறிதாக இருக்கிறது. வலப்பக்க மூலையில் 'வைரஸ்' என்று ஒரு பெட்டி அடிக்கடி எழும்புகிறது. பேத்தியின் ஓஎல் பரீட்சை ரிசல்ட்டைக் கடையில் வரிசையில் நிற்காமல் வீட்டிலேயே பார்க்க வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, "வாயால சொன்னா மறந்து போயிடும் தம்பி, எழுதித் தா" என்றும் கேட்டிருந்தீர்கள். ஆறாம் ஆண்டில் உங்களிடம் தமிழ் படித்தவன் நான். களுவாஞ்சிக்குடியில் பதினாறு வருடமாக, இன்டர்நெட் பார்க்கவும் அச்செடுக்கவும் வருகிற கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். இந்தக் கடைக்கு வருகிறவர்கள் எங்கே தடக்குப்படுகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டு வைத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அச்செடுத்து லாப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பயம். ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பதால் மட்டும் பொதுவாக லாப்டொப் பழுதாகாது. தவறான இடத்துக்குப் போய்விட்டால் கீபோர்ட்டில் 'ஏஎல்டி' என்று எழுதியிருக்கிற ஓல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு இடப்பக்க அம்புக்குறியை ஒரு தரம் தட்டுங்கள், வந்த வழியே திரும்பலாம். கேடு வருவது பெரும்பாலும் மூன்று நேரங்களில்தான். முன்பின் தெரியாத ஒன்றை டவுன்லோட் செய்து திறக்கிறபோது, 'அலவ்' என்று கேட்கிற பட்டனை வாசிக்காமல் அழுத்துகிறபோது, உங்கள் பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கார்ட் எண் போன்றவற்றை ஒரு பெட்டியில் எழுதுகிறபோது. இந்த மூன்று இடத்திலும் கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். மற்ற நேரம் தாராளமாக உலாவுங்கள்.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்வது? மேலே இருக்கிற முகவரியை வாசிக்க வேண்டும். நான் சொல்லப்போவதில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் எந்தப் பிரவுசராக இருந்தாலும் உச்சியில் நீளமாக ஒரு பட்டை இருக்கும். நீங்கள் இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை அது சொல்லும். அதை வாசிக்கிற முறை நம் தபால் முகவரி மாதிரித்தான். 'திருகோணமலை வீதி, மட்டக்களப்பு' என்று எழுதியிருந்தால் அந்தக் கடை எங்கே இருக்கிறது? மட்டக்களப்பு டவுணில். திருகோணமலை என்ற பெயர் முன்னால் வருகிறது என்பதற்காக யாரும் திருகோணமலை பஸ்ஸில் ஏறுவதில்லை. கடைசி வரியைப் பார்த்துத்தான் ஊரைத் தீர்மானிக்கிறோம். இணைய முகவரியிலும் கடைசித் துண்டுதான் ஊர். தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு வந்தால் அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு முதலாவது ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறதோ அதுவரைக்கும்தான் முகவரி. அந்தத் துண்டை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வாசியுங்கள். சாய்கோட்டுக்குப் பிறகு எவ்வளவு நீளமாக என்ன எழுதியிருந்தாலும் அது வீட்டுக்குள்ளே இருக்கிற அறை, அலுமாரி மாதிரி. அதை வைத்து ஊரைச் சொல்ல முடியாது.

நம் நாட்டு அரசாங்கத் தளங்கள் பெரும்பாலும் 'ஜிஓவி டொட் எல்கே' என்று முடியும். அந்த முடிவு அரச நிறுவனங்களுக்கு மட்டும் கொடுக்கப்படுவது. குடிவரவுத் திணைக்களம், கல்வி அமைச்சு, தபால் திணைக்களம் எல்லாம் இப்படித்தான். வெறும் 'டொட் கொம்' ஆகட்டும், 'டொட் டொப்' மாதிரி மலிவான முடிவுகளாகட்டும், பணம் கட்டுகிற எவரும் வாங்கலாம். மோசடிக்காரர் என்ன செய்கிறார் என்றால், 'ஜிஓவி' 'எல்கே' இரண்டையும் சிறு கோடு போட்டு ஒட்டி, அதற்குப் பிறகு 'டொட் டொப்' என்று முடிப்பார். அவசரமாகப் பார்க்கிற கண்ணுக்கு ஜிஓவி, எல்கே மட்டும்தான் தெரியும். வலப்பக்கத்திலிருந்து வாசிக்கிற கண்ணுக்கு முதலில் 'டொப்' தட்டுப்படும். திருகோணமலை வீதியை வாசித்துவிட்டு ஊரை வாசிக்காமல் விடுகிறவர்தான் அகப்படுகிறார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன வருடம் கடைக்கு ஒரு மீன் வியாபாரி வந்தார். போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்திருந்தது: 'உங்களுக்கு ஒரு பார்சல் இருக்கிறது, முகவரி சரியில்லை, சிறு தொகை கட்டித் திருத்துங்கள்.' அவருக்கு மத்திய கிழக்கிலிருந்து மகள் உண்மையாகவே பார்சல் அனுப்பியிருந்தாள். அதனால் சந்தேகமே வரவில்லை. லிங்கை அழுத்தினார், கார்ட் எண்ணைக் கொடுத்தார், வங்கியிலிருந்து போனுக்கு வந்த ஓடிபி என்ற ஒருதடவை இரகசிய இலக்கத்தையும் எழுதினார். "சல்லி முழுக்கப் போயிற்று" என்று என் முன்னால் நின்று அழுதார். அந்த எஸ்எம்எஸ்ஸை வாங்கிப் பார்த்தேன். முகவரி கோடு போட்டு ஒட்டிய அந்த வகைதான். வலப்பக்கத்திலிருந்து வாசிக்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. எனக்கு அது இன்றும் மனதில் கிடக்கிறது. ஓடிபி என்பது வீட்டுத் திறப்பு மாதிரி, டீச்சர். வங்கியில் வேலை செய்கிறவர் என்று சொல்லிக்கொண்டு போன் எடுத்தாலும் கொடுக்கக் கூடாது.

பூட்டுப் படம் பற்றியும் ஒரு வார்த்தை. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் நம்பலாம் என்று முன்பு நாங்களே சொல்லிக் கொடுத்தோம். இப்போது சொல்வதில்லை. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் வேறு யாரும் வாசிக்க முடியாதபடி உறையை ஒட்டியிருக்கிறது என்பது மட்டுமே அந்தப் பூட்டின் அர்த்தம். உறையைப் பிரிக்கிறவர் நல்லவரா, கள்ளனா என்பதை அது சொல்லாது. இன்றைக்கு மோசடித் தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன. மக்கள் இதைப் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள் என்பதாலேயே கூகுள் 2023 இல் குரோமிலிருந்து பூட்டை எடுத்துவிட்டு, இரண்டு கோட்டில் இரண்டு குமிழ் இருக்கிற ஒரு சின்னத்தை வைத்தது. உங்கள் லாப்டொப்பில் பூட்டைக் காணவில்லை என்று பயப்படாதீர்கள். ஆனால் 'நொட் செக்கியூர்' என்று எழுதியிருக்கிற பக்கத்தில் எந்த விபரமும் எழுத வேண்டாம்.

இன்னொரு பழக்கம். வங்கியின் பெயரையோ திணைக்களத்தின் பெயரையோ ஒவ்வொரு தரமும் கூகுளில் தேடிப் போகாதீர்கள். தேடினால் மேலே முதலாவதாக வருவது சில வேளை பணம் கொடுத்துப் போட்ட விளம்பரம். 'ஸ்பொன்சர்ட்' என்று சிறிய எழுத்தில் இருக்கும், பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. ஒரு தரம் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கண்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொண்டு 'டி' தட்டுங்கள், நாய்க்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'டோக்' என்பதன் முதலெழுத்தான 'டி'. அந்தப் பக்கம் புக்மார்க் ஆகிவிடும். அடுத்த தரம் நேரே அதிலிருந்து போகலாம். நல்ல டொக்டரின் நம்பரை ஒரு தரம் டயறியில் எழுதி வைப்பது மாதிரி.

சரி, அந்த மூலையில் எழும்புகிற பெட்டி. அது வைரஸ் இல்லை, டீச்சர். ஏதோ ஒரு தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்த அலவ் அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், நீங்கள் அழுத்தியிருப்பீர்கள். ரோபோவா என்று உண்மையாகவே சோதிக்கிற தளம் ஒருபோதும் 'அலவ்' அழுத்தச் சொல்லாது. நீங்கள் கொடுத்தது அறிவித்தல் அனுப்புகிற அனுமதி. அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அவர்கள் இரவு பகலாக விளம்பரம் அனுப்புகிறார்கள். வைரஸ் என்று சொல்வது உங்களைப் பயமுறுத்தி, எதையாவது வாங்க வைக்க அல்லது டவுன்லோட் செய்ய வைக்க. கொடுத்த அனுமதியைத் திருப்பி எடுத்தால் முடிந்தது. குரோமில் வலப்பக்க மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதை அழுத்தி செட்டிங்ஸ், அதற்குள் பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாக இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். தெரிந்த பெயரை நீக்கினாலும் நட்டமில்லை. என் கடைக் கணினிகளில் எந்தத் தளமும் இந்த அனுமதியைக் கேட்கவே கூடாது என்று அதே இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

சில வேளை திரை முழுவதும் சிவப்பாகி, சத்தம் போட்டு, 'மைக்ரோசொப்ட்டுக்கு இந்த நம்பரில் போன் பண்ணுங்கள்' என்று வரும். மைக்ரோசொப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் போடுவதில்லை. எண் இருந்தால் அது பொய் என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்கலாம். எஸ்கேப் கீயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். பிறகு கண்ட்ரோலோடு 'டபிள்யூ' தட்டி அந்தப் பக்கத்தை மூடுங்கள். மூட முடியாவிட்டால் ஓல்ட் கீயோடு 'எஃப் நாலு'. அதற்கும் மசியவில்லை என்றால் பவர் பட்டனைப் பிடித்து லாப்டொப்பையே நிறுத்துங்கள். ஒன்றும் ஆகாது.

இப்போது பேத்தியின் ரிசல்ட். பரீட்சைத் திணைக்களத்துக்கு இரண்டு முகவரிகள். ஒன்று 'ரிசல்ட்ஸ் டொட் எக்ஸாம்ஸ் டொட் ஜிஓவி டொட் எல்கே.' மற்றது 'டிபார்ட்மென்ட் ஒஃப் எக்ஸாமினேஷன்ஸ்' என்பதன் முதலெழுத்து மூன்றையும் எழுதி, அதோடு 'நெட்ஸ்' சேர்த்து, 'டொட் எல்கே.' இதில் ஜிஓவி இல்லை, ஆனாலும் இதுவும் அசல்தான். மேலே சொன்ன விதிக்கு இது ஒரு விதிவிலக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஆங்கில எழுத்தில் தனித்தாளில் எழுதி இத்துடன் அனுப்புகிறேன். இன்றைக்கே திறந்து இரண்டையும் புக்மார்க் பண்ணி வையுங்கள், ரிசல்ட் வருகிற இரவில் தட்டுத்தடுமாற வேண்டாம். பரீட்சைச் சுட்டெண்ணையோ அடையாள அட்டை எண்ணையோ கொடுத்தால் போதும். ரிசல்ட் காட்டுவதற்குப் பணமோ கார்ட் விபரமோ கேட்கிற இடம் பரீட்சைத் திணைக்களமாக இருக்க முடியாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரிசல்ட் வெளியான முதல் மணித்தியாலங்களில் நாடு முழுவதும் ஒரே கதவை இடிக்கும். பக்கம் வெள்ளையாக நிற்கும், சுழன்றுகொண்டே இருக்கும். உங்கள் லாப்டொப்பிலும் பிழையில்லை, டேட்டாவிலும் பிழையில்லை. திரும்பத் திரும்ப ரீலோட் அடித்தால் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நிற்கிற மாதிரி. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு மற்ற முகவரியை முயலுங்கள், அல்லது இரவு பத்து மணிக்குப் பிறகு பாருங்கள். கிடைத்ததும் கண்ட்ரோலோடு 'பி' தட்டுங்கள். அச்செடுக்கிற பெட்டி வரும். அதில் பிரிண்டருக்குப் பதிலாக 'சேவ் அஸ் பிடிஎஃப்' என்பதைத் தெரிவு செய்தால் அந்தப் பக்கம் ஒரு கோப்பாக லாப்டொப்பில் இருக்கும். மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அரசாங்க விண்ணப்பம் ஏதாவது ஒன்லைனில் போட்டால், கடைசியில் வருகிற 'வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது' என்ற பக்கத்தையும் இப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிரதேச செயலகத்திலோ வேறெங்கோ கேட்டால் அதுதான் கையில் இருக்கிற ஆதாரம்.

ஒன்லைன் விண்ணப்பத்தில் நீளமாக எழுத வேண்டியது இருந்தால் நேரே அந்தப் பெட்டியில் எழுதாதீர்கள். பல தளங்கள் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு உங்களை வெளியே தள்ளிவிடும், எழுதியது எல்லாம் போய்விடும். நோட்பேட்டில் ஆறுதலாக எழுதி, வாசித்துத் திருத்தி, பிறகு பிரதி எடுத்து ஒட்டுங்கள்.

தேடுவதைப் பற்றி ஒரு தமிழ் டீச்சருக்கு எழுதுவதில் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் இது மொழி தெரிந்தவருக்குக் கைவருகிற வேலை. தமிழில் தேடினால் வருவதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பக்கங்களாக இருக்கும். 'ஓய்வூதியம்' என்று தேடினால் சென்னையில் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று விளக்கம் வரும். அதனால் அலுவலக விடயங்களுக்கு 'இலங்கை' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள், அல்லது நம்மிடம் மட்டும் புழங்குகிற சொல்லைப் போடுங்கள்: பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், சாதாரண தரம். ஆனால் தோட்டம், சமையல், நோய் நொடி பற்றித் தேடுகிறபோது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். உங்கள் வளவில் கச்சான் போட்டிருக்கிறீர்கள். 'கச்சான் இலைப்புள்ளி' என்று தேடினால் கொஞ்சம்தான் வரும். 'நிலக்கடலை இலைப்புள்ளி' என்று தேடிப் பாருங்கள், அங்குள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகக் குறிப்புகள் வரைக்கும் கிடைக்கும். மருந்தின் பெயரும் அளவும் மட்டும் நம் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அங்கே விற்கிறது இங்கே விற்காது.

எழுத்துப் பிழை என்று நாம் நினைக்காத இடத்திலும் சொல் மாறும். காரைதீவில் 1892 இல் பிறந்த நம் அடிகளாரையே எடுத்துக்கொள்ளுங்கள். விபுலாநந்தர், விபுலானந்தர், விபுலாநந்த அடிகள் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். கூகுள் ஓரளவு புரிந்துகொள்ளும், ஆனால் எல்லாவற்றையும் கொண்டுவராது. மூன்றையும் தனித்தனியே தேடினால் மூன்று கைப்பிடி வித்தியாசமான பக்கங்கள் கிடைக்கும். சொல்லை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்த எழுத்துக்கூட்டலில் உள்ளதை மட்டும் தேடும். பாட்டின் ஒரு வரி மட்டும் ஞாபகத்தில் இருந்து, யார் பாடியது என்று தெரியாவிட்டால் அந்த வரியை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட உதவுகிற வித்தை வேறில்லை.

நீளமான பக்கத்தில் ஒரு சொல்லைத் தேட கண்ட்ரோலோடு 'எஃப்'. சிறு பெட்டி திறக்கும், சொல்லை எழுதுங்கள், அந்தச் சொல் உள்ள இடங்களெல்லாம் மஞ்சளாகத் தெரியும். இடமாற்றப் பட்டியல், நியமனப் பட்டியல் என்று எண்பது பக்கம் வந்தாலும் நொடியில் தேடலாம். இதில் நம் பகுதி ஆட்கள் எல்லாரும் முட்டிக்கொள்கிற ஒரு கல் இருக்கிறது. பட்டியலில் பெயர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் தமிழில் எழுதித் தேடினால் 'இல்லை' என்று வரும். காரணம் பாமினி. நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வருடக்கணக்காகப் பாமினி எழுத்துருவில்தான் டைப் பண்ணினார்கள், இன்னமும் சில இடங்களில் பண்ணுகிறார்கள். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பதுதான் தமிழ் உருவம். நீங்கள் எழுதுவது யூனிகோட் தமிழ், அதில் உள்ளே இருப்பதும் தமிழ் எழுத்துத்தான். இரண்டும் ஒன்றையொன்று அறியாது. அப்படிப்பட்ட பட்டியலில் பெயரைத் தேடாமல் இலக்கத்தைத் தேடுங்கள்: சுட்டெண், அடையாள அட்டை எண், பைல் நம்பர். இலக்கம் இரண்டிலும் ஒன்றுதான். இது தெரியாமல் "என்ட பேர் இல்ல" என்று மனம் உடைந்து திரும்பிப் போனவர்களை நான் கூப்பிட்டு இருத்தித் தேடிக் கொடுத்திருக்கிறேன். ஸ்கேன் எடுத்துப் போட்ட பட்டியலென்றால் அது வெறும் படம், அதில் எந்தத் தேடலும் வேலை செய்யாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எழுத்து சிறிதாக இருப்பதற்கு மருந்து சுலபம். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டத் தட்டப் பெரிதாகும், கழித்தல் குறியில் சிறிதாகும், பூச்சியத்தைத் தட்டினால் பழைய அளவு. குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் நீங்கள் வைத்த அளவை ஞாபகம் வைத்திருக்கும். கண் களைத்துப்போனால் எட்ஜ் பிரவுசரில் இன்னொரு வசதி: கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 'யூ' தட்டினால் பக்கத்தை வாசித்துக் காட்டும். தமிழும் வாசிக்கும், அதிலும் இலங்கைத் தமிழ் என்று தனியாகவே ஓர் ஆண் குரலும் ஒரு பெண் குரலும் வைத்திருக்கிறார்கள். மேலே வருகிற பட்டையில் குரலைத் தெரிவு செய்யலாம், வேகத்தைக் குறைக்கலாம். இன்டர்நெட் இணைப்பு வேண்டும். உச்சரிப்பு அங்குமிங்கும் தடுமாறும், நீங்கள் கேட்டுத் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் கட்டுரை கேட்கத் தாராளமாகப் போதும்.

மழைக்காலத்தில் கரண்ட் போய், லாப்டொப்பில் சார்ஜும் தீர்ந்து எல்லாம் நின்றுவிட்டால், திறந்து வைத்த பக்கங்கள் போய்விட்டன என்று கவலைப்படாதீர்கள். மறுபடி பிரவுசரைத் திறந்து கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டோடும் டீயைத் தட்டுங்கள், தேத்தண்ணி என்கிற 'டீ'. மூடியவை ஒவ்வொன்றாகத் திரும்பும். தவறுதலாக நீங்களே மூடினாலும் இதுதான் வழி. யூடியூப் டேட்டாவைக் குடிக்கிறது என்றால் வீடியோவின் பற்சில்லுப் படத்தை அழுத்திக் குவாலிட்டியை 480க்குக் குறையுங்கள். தேவாரம் கேட்க 144 கூடப் போதும். ஒன்று முடிந்ததும் தானாக அடுத்தது ஓடுகிற ஒட்டோபிளேயையும் நிறுத்தி வையுங்கள்.

இனி, என் கடையைப் போன்ற இடங்களுக்கு வருகிறபோது. இதை ஒரு கடைக்காரனாகவே சொல்கிறேன். ஈமெயிலைத் திறந்தால் போகுமுன் சைன் அவுட் செய்யுங்கள். 'பாஸ்வேர்ட்டை வைத்துக்கொள்ளவா' என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்கொக்னிட்டோ விண்டோ திறந்து தரும்படி கேட்டால் இன்னும் நல்லது, மூடியதும் அந்தக் கணினியில் நீங்கள் பார்த்த தடயம் நிற்காது. ஆனால் இன்கொக்னிட்டோவில் போனால் யாருக்குமே தெரியாது என்று நினைக்க வேண்டாம். போன தளத்துக்கும் இணைப்புத் தருகிற நிறுவனத்துக்கும் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம் டவுன்லோட்ஸ் என்ற பெட்டி. அச்செடுக்க அனுப்பிய அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அங்கே கிடக்கும். அடுத்து வருகிறவர் திறந்து பார்க்கலாம். பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நாலும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு ஐந்நூறு கூட்டியிருக்கும். ஆக, எண்ணைக் கொடுத்தால் பிறந்த திகதியையும் கொடுத்ததாகிறது. அதனால் கடைக்காரரை நிறுத்திவைத்து, "அழியுங்க தம்பி, குப்பைக்கூடையிலயும் அழியுங்க" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நான் இரவு கடை பூட்டுமுன் எல்லாக் கணினியிலும் அழித்துவிடுவேன். எல்லாரும் செய்கிறார்களா என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் லாப்டொப்பில் விண்டோஸ் 10 என்று சொன்னீர்கள். அதற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை, ஆனால் பிரவுசரையாவது அப்டேட் இல்லாமல் விடக் கூடாது. மூன்று புள்ளியை அழுத்தி, ஹெல்ப் என்பதற்குள் 'அபௌட்' என்பதைத் திறந்தால் தானாகவே புதிதாக்கிக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு தரம் பாருங்கள். விண்டோஸ் 11க்கு மாற்ற அந்த மெஷின் தாங்குமா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்வேன்.

விளம்பரத் தொல்லைக்குப் பயர்பொக்ஸ் பிரவுசரைப் போட்டு, அதில் விளம்பரத்தைத் தடுக்கிற 'யூபுளொக் ஒரிஜின்' என்ற எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரோடு ஒட்டுகிற சிறு மென்பொருளைச் சேர்ப்பதுதான் என் தெரிவு. இலவசம். பக்கமும் கெதியாகத் திறக்கும், டேட்டாவும் மிச்சம். அதைத் தவிர வேறு எந்த எக்ஸ்டென்ஷனும் உங்களுக்கு வேண்டாம். 'கூப்பன் தருகிறோம்', 'வேகமாக்குகிறோம்' என்று வருபவை நீங்கள் பார்க்கிற பக்கங்களை எல்லாம் வாசிக்க அனுமதி கேட்கும்.

பயம் தெளிந்த பிறகு முதலில் எங்கே போவது என்று கேட்டால், நூலகம் டொட் ஓர்க். நம் ஆட்கள் 2005 இல் தொடங்கியது. ஈழத்துப் புத்தகங்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் என்று ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறார்கள், சல்லிக்காசு இல்லாமல் வாசிக்கலாம். அங்கே தேடல் பெட்டியில் 'மட்டக்களப்பு' என்று எழுதித் தட்டுங்கள். சில கோப்புகள் பெரியவை, திறக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள். அதையும் புக்மார்க் பண்ணி வையுங்கள்.

அந்த நோட்டிபிகேஷன் பட்டியல் மட்டும் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பிறகு கடைப் பக்கம் வாருங்கள், அந்த நேரம் சனம் குறைவு. பெரியகல்லாற்றில் ஏறினால் பஸ் கடை வாசலிலேயே நிற்கும். லாப்டொப்போடு சார்ஜரையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். பேத்தியையும் கூட்டி வந்தால் அவளுக்கும் முகவரி வாசிக்கிற விதத்தைக் காட்டிவிடுகிறேன்.